எழுதாத மூன்றாம் வரி

இந்நேரம் மருமகள் கடலைத் தொட்டிருப்பாள். நிமிஷத்துக்குப் பன்னிரண்டரை கிலோமீட்டர். ஒன்பது பத்துக்கு விமானம் கிளம்பியது, இப்போது பதினொன்றே கால். நூற்றிருபத்தைந்து நிமிஷம். ஆயிரத்தைந்நூற்று அறுபது கிலோமீட்டர் போய்விட்டது, இன்னும் ஐயாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். ஜன்னலோர இடம்தான் வாங்கிக் கொடுத்தேன். காது அடைத்துக்கொண்டால் பெரிதாகக் கொட்டாவி விடு என்று வேறு சொல்லியனுப்பினேனே, என் புத்தியை என்ன சொல்ல, அந்தத் தாடையை வைத்துக்கொண்டு அவள் எப்படிக் கொட்டாவி விடுவாள்?

டிக்கெட்டம்மா இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்து பார்த்தாள். மகன் நின்றிருந்தான். சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். கையில் கசங்கிய துண்டுக் காகிதம்.

அது அவளுடைய எழுத்து.

விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் தெருவில் எல்லோருக்கும் அவள் டிக்கெட்டம்மா. வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஒரே தப்பைச் செய்வார்கள். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் இந்த ஊர்க் கடிகாரப்படி இருக்கும். போய்ச் சேரும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படி இருக்கும். இரண்டையும் கழித்துப் பார்த்துவிட்டு வாயைப் பிளப்பார்கள். "நாலே மணி நேரமா? எங்க மாமியார் வீட்டுக்கே பஸ்ல அஞ்சு மணி நேரம் ஆகுதேம்மா!" என்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று வரி எழுதிக் கொடுப்பாள். முதல் வரியில் கிளம்பும் நேரம். இரண்டாவது வரியில் சேரும் நேரம். மூன்றாவது வரியில் உண்மையாகவே ஆகும் மணிக்கணக்கும் கிலோமீட்டரும். மேற்கே போகிறவர்களுக்கு அந்த மூன்றாவது வரியின் கீழே ஒரு கோடும் போடுவாள்.

முந்தின நாள் சாயங்காலம் சமையலறையில் நின்றபடி மருமகளுக்கும் அப்படி எழுத ஆரம்பித்தாள். வாயால் சொன்னால் போதாதா? போதும். ஆனால் இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம், கை கேட்கவில்லை. ஊர்ப் பெயர் எழுதி, ஒன்பது பத்து எழுதி, இரண்டு மணி எழுதியபோது தெருமுனையில் மகனுடைய பைக் சத்தம். கை இழுத்துக்கொண்டது. மை தீற்றிவிட்டது. காகிதத்தைக் கசக்கிக் குப்பைக் கூடையில் வெங்காயச் சருகுக்கு அடியில் திணித்தாள். காலையில் வேறு காகிதத்தில் முழுசாக எழுதி மருமகள் கையில் கொடுத்தாள். கூடையைக் கொட்ட மறந்துவிட்டாள். மருமகளின் பாஸ்போர்ட்டை நாலு மாசம் ஆபீஸ் அலமாரியில் ஒளித்து வைக்கத் தெரிந்தவளுக்கு ஒரு குப்பைக் கூடையைக் கொட்டத் தெரியவில்லை.

"எங்கம்மா அவ?"

சத்தம் போடாமல்தான் கேட்டான். அவன் சத்தம் போடாதபோதுதான் பயப்பட வேண்டும் என்று அந்த வீட்டில் பாத்திரத்துக்கும் தெரியும்.

பக்கத்து மேஜையிலிருந்து மேனேஜர் எழுந்தார். மதியச் சாப்பாட்டுக்குத் தவிர வேறெதற்கும் எழுந்திருக்காத மனுஷர்.

"வாங்க தம்பி, உட்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"நீங்க போய்க் குடிச்சிட்டு வாங்க சார். மெதுவா குடிங்க. ஆறிப் போனதுக்கு அப்புறம் குடிங்க."

மேனேஜர் டிக்கெட்டம்மாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "நான் தபாலாபீஸ் வரைக்கும்…" என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, மழையே இல்லாத நாளில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் படியிறங்கியதும் மகன் ஷட்டரை இழுத்துவிட்டான். முழங்கால் உயரத்துக்கு மட்டும் வெளிச்சம் உள்ளே வந்தது. தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன.

முதல் அறை காதோடு சேர்ந்து விழுந்தது. கண்ணாடி தெறித்துக் கோப்பு அலமாரிக்குக் கீழே போய்விட்டது. காதுக்குள் விமானம் கிளம்புவது போல ஓர் இரைச்சல். நாக்கில் உப்புக் கரித்தது.

பெற்ற பிள்ளையிடம் அவள் வாங்கிய முதல் அடி அது. எதிர்பார்த்துத்தான் இருந்தாள். எதிர்பார்த்தது வந்துவிட்டதும் மனசுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று காலியாகி லேசானது. அப்படி ஆனது அவளுக்கே வெட்கமாக இருந்தது. இத்தனை நாளும் அவன் தன்னை அடிக்காததை அவள் ஒரு நம்பிக்கையாக வைத்திருந்தாள். என் பிள்ளை அவ்வளவு மோசமில்லை, அம்மா மேல் கை வைத்ததில்லையே என்று. மருமகளின் முனகல் சுவருக்கு அப்பால் கேட்ட நாட்களிலும் இதைத்தான் நினைத்துக்கொண்டு புரண்டு படுத்தாள்.

"நீதானே டிக்கெட் போட்ட? என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு எனக்கே குழி பறிக்கிறியா?"

சோறு பொங்குகிறவளே அவள்தான். அதை இப்போது சொல்லி என்ன ஆகப் போகிறது.

"பேசு!"

இரண்டாவது அடியில் நாற்காலியோடு சாய்ந்தாள். விலாவில் உதைத்தான். செருப்புப் போட்ட கால். ஒரு நிமிஷம் மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பன்னிரண்டரை கிலோமீட்டர் என்று நினைத்தாள். மூச்சு திரும்பி வந்தபோது இன்னொரு பன்னிரண்டரை.

மகன் காகிதத்தை மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் தேய்த்து நீவினான். சின்ன வயசிலேயே கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன். அந்தப் பெயரை இன்னும் சட்டையைப் போல மாட்டிக்கொண்டு திரிகிறவன்.

"ஒம்பது பத்துக்குக் கிளம்பி ரெண்டு மணிக்கு இறங்குது. நாலு மணி அம்பது நிமிஷம்." அவளைப் பார்த்துச் சிரித்தான். "நீ வாயைத் திறக்கலைன்னா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? எழுதி வெச்சுட்டுப் போயிருக்கியே, மகராசி!"

அவள் தரையில் கிடந்தபடி அவனைப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் அவன் முகம் மங்கலாகத் தெரிந்தது. இரண்டு மணி என்பது அந்த ஊர் இரண்டு மணி. நம் ஊருக்கு அப்போது ஏழு மணி. நாலு மணி ஐம்பது நிமிஷமா? ஒன்பது மணி ஐம்பது நிமிஷம்டா. கீழே கோடு போடுவேனே.

சொல்ல வாய் திறந்துவிட்டது. அதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தப்பை யார் செய்தாலும் உடனே திருத்திய வாய் அது. எதிரே இருப்பது யார், எதற்குக் கேட்கிறான் என்று வாய்க்குத் தெரியவில்லை. உதட்டைக் கடித்தாள். ஏற்கெனவே கிழிந்திருந்த இடத்திலேயே பல் பட்டது.

அவன் ஆபீஸ் தொலைபேசியை இழுத்துக் குண்டூசிக்குப் போட்டான். பள்ளிக்கூட நாளிலிருந்து அவனுக்குக் கூட்டாளி. உடம்பு ஒல்லி, குத்தினால் ஆழமாக இறங்கும் என்று வைத்த பெயர். மருமகள் போய்க்கொண்டிருக்கும் அதே ஊரில் லாரி ஓட்டுகிறான். இந்த விஷயம் தெரிந்துதான் டிக்கெட்டம்மா வேறு ஊர் தேடிப் பார்த்தாள். ஆனால் மருமகளுக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே அக்கா இருப்பதும் அந்த ஊரில்தான். அக்காவின் விலாசம் மகனுக்குத் தெரியாது. விமான நிலைய வாசலைத் தாண்டிவிட்டால் அவ்வளவு பெரிய ஊரில் யாரும் யாரையும் பிடிக்க முடியாது. அந்த வாசல் ஒன்றுதான் பயம்.

"டேய் குண்டூசி, எழுந்திரு. தூங்கினது போதும். என் பொண்டாட்டி உன் ஊருக்கு வந்துக்கிட்டு இருக்கா… ஆமாண்டா, ஓடிட்டா… நீ ஏர்போர்ட்டு வாசல்ல நில்லு. கையைப் பிடிச்சு உன் லாரியில ஏத்து. கத்தினா கத்தட்டும், புருஷன் சொல்லித்தான்னு சொல்லு. வர மாட்டேன்னா, தாடையில இன்னொரு பக்கம் முழுசா இருக்கு. புரியுதா?"

மறுமுனையில் ஏதோ கேட்டான். மகன் காகிதத்தைப் பார்த்தான்.

"ரெண்டு மணிக்கு இறங்கறா."

மறுமுனை மறுபடி ஏதோ கேட்டது. டிக்கெட்டம்மா தலையைத் தூக்கினாள். எந்த இரண்டு மணி என்றுதான் கேட்டிருப்பான்.

"நம்ம ரெண்டு மணிடா! உனக்கு அஞ்சு மணி நேரம் கம்மிதானே? அப்ப உனக்குக் காலையில ஒம்பது. ஒம்பதுக்கு நில்லு."

ஏற்கெனவே கழிந்த ஐந்து மணி நேரத்தை அவன் இன்னொரு தரம் கழித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அம்மா நீ ஆபீஸில் என்ன வேலை செய்கிறாய் என்று அவன் கேட்டிருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். கேட்டதில்லை. அவன் அப்பாவும் கேட்டதில்லை. புத்தகம் பார்த்து மணி சொல்கிற வேலை, அவ்வளவுதான் அவர்களுக்கு. எத்தனையோ ராத்திரி அதை நினைத்து மனசு வெந்திருக்கிறாள். இன்றைக்கு அந்த அலட்சியத்தைக் கும்பிடலாம் போல இருந்தது.

பிறகு இருவரும் இரண்டு மணிக்காகக் காத்திருந்தார்கள். அவன் அவளை எழுப்பி நாற்காலியில் வைத்தான். பானையிலிருந்து தண்ணீர்கூட மொண்டு கொடுத்தான். "குடி. எனக்கு மட்டும் ஆசையா உன்னை அடிக்கணும்னு? நீயே வரவழைச்சுக்கறே." இந்த வாக்கியத்தை அவள் முப்பது வருஷமாகக் கேட்டிருக்கிறாள், வேறொரு குரலில். குரல் மட்டும்தான் மாறியிருந்தது, மூச்சு விடும் இடம்கூட மாறவில்லை.

தொலைபேசி மூன்றரை மணிக்கு அடித்தது. குண்டூசி கத்தியது அவளுக்கே கேட்டது. ஒன்பதிலிருந்து பத்தரை வரை கால் கடுக்க நின்றானாம். ஏகப்பட்ட விமானம் வந்ததாம், ஏகப்பட்ட பொம்பளை வந்தாளாம், இவள் வரவில்லையாம். கவுண்டரில் கேட்டால் ஃப்ளைட் நம்பர் என்ன என்று கேட்கிறார்களாம். "நீ குடிச்சிருக்கியா, இல்ல நான் குடிச்சிருக்கேனா?" என்று கேட்டான். ஒரு லோடு இறக்கப் போகிறான், அந்த ஊர் ஒரு மணிக்குத் திரும்பிவிடுவான். அதற்குள் சரியான நேரத்தை வீட்டுக்குக் கூப்பிட்டு அப்பாவிடம் சொல்லி வைக்கவேண்டும், அவரிடம் கேட்டுக்கொள்கிறான்.

மகன் ரிசீவரை வைத்துவிட்டு வெகுநேரம் அதன்மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"பொய்யா எழுதி வெச்சியா?"

அவள் முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"பொய் எழுதி, வேணும்னே நான் பார்க்கற மாதிரி போட்டு வெச்சியா? என்னை முட்டாளாக்கினியா?"

உலகத்து விமானங்களின் நேரமெல்லாம் அச்சடித்த கனத்த புத்தகம் அவள் மேஜையில் கிடந்தது. அதை எடுத்துப் புரட்டினான். பக்கம் பக்கமாகப் பொடி எழுத்து, எண்கள், மூன்று எழுத்துக் குறிகள். நாலு பக்கம் புரட்டினான், நாற்பது பக்கம் புரட்டினான். "என்ன கருமம்மா இது? மனுஷன் படிக்கறதா?" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளுக்குள்தான். ஆனால் உதட்டோரம் ஏதோ அசைந்திருக்க வேண்டும். புத்தகம் அவள் நெற்றியில் மோதியது. அட்டை முனை புருவத்தைக் கிழித்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. புத்தகத்தை எடுத்து நடுவாகப் பிளந்தான், பிளந்ததை மறுபடி பிளந்தான், தாள்களை அவள் தலைமேல் கொட்டினான். நகரங்கள் அவள் மடியில் விழுந்தன.

"எத்தனை மணிக்கு இறங்கறா? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லு."

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. ஒன்பது மணி என்று சொல்லலாம், பத்து மணி என்று சொல்லலாம். பொய் அவளுக்குப் புதிதல்ல. பாத்ரூமில் வழுக்கிவிட்டேன் என்ற பொய்யை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். ஐந்து வயசில் இவன் அவள் கழுத்துக் காயத்தைத் தொட்டுப் பார்த்து "என்னம்மா இது?" என்றபோதுதான் முதல் முறை சொன்னாள். போன வருஷம் மருமகளுடைய தாடை உடைந்தபோது அதே வாக்கியத்தை எடுத்துத் தூசி தட்டி ஆஸ்பத்திரி நர்ஸிடம் சொன்னாள். மருமகள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். வாய் திறக்க முடியாதவள், கண்ணால் மட்டும் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். அந்தப் பார்வையில் இருந்தது ஆச்சரியம். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் புரண்டபோதுதான் கிலோமீட்டர் கணக்குப் போட ஆரம்பித்தாள். எவ்வளவு தூரம் இருந்தால் இந்தக் கை எட்டாது?

ஆனால் இந்த மேஜையில் உட்கார்ந்து அவள் யாருக்கும் தப்பான நேரம் சொன்னதில்லை. அது மட்டுமில்லை. எந்த நேரத்தைச் சொன்னாலும் அவன் எங்கே தப்புப் போட்டோம் என்று யோசிப்பான். கெட்டிக்காரன். யோசித்தால் கண்டுபிடித்துவிடுவான். அதனால் வாயை மூடியிருப்பது ஒன்றுதான் வழி. ஏழு மணி வரை. மூன்றரை மணி நேரம். இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.

அவன் மேஜை டிராயரை இழுத்தான். பழைய இரும்பு மேஜை, டிராயர் சிக்கிக் கிறீச்சிட்டு வந்தது. அவள் வலது கையைப் பிடித்து விளிம்பில் வைத்தான்.

"எழுதற கை இதுதானே?"

"வேண்டாம்டா கண்ணா" என்றாள். அவன் வந்த பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

முழங்காலால் டிராயரைத் தள்ளினான். வலிக்கு முன்னால் சத்தம் கேட்டது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம், ஒன்றல்ல, இரண்டு மூன்று சேர்ந்து. பிறகுதான் வலி வந்தது. வந்தபோது அறை வெள்ளையாகியது. அவள் கத்தினாள். ஷட்டருக்குக் கீழே தெரிந்த ஒரு ஜோடி கால் நின்றது. கறுப்புச் செருப்பு, புடவை விளிம்பு. கொஞ்சம் யோசித்தது. பிறகு நகர்ந்து போனது.

மறுபடி தள்ளினான்.

எவ்வளவு நேரம் மயங்கிக் கிடந்தாள் என்று தெரியவில்லை. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. மகன் எடுத்துப் பேசிவிட்டு அவள் இடது கையில் திணித்தான்.

"அப்பா. பேசு."

"இந்தா, ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கறே?" கணவர் குரலில் மூச்சு இரைத்தது. "பையன் சொல்றான் நீ வாயே திறக்கலையாம். சொல்லித் தொலையேன். ஆம்பளைன்னா கொஞ்சம் முன்கோபம் இருக்கும். நீ என்கூடக் குடும்பம் நடத்தலையா? எந்த ஊருக்கு ஓடினே?"

எந்த ஊருக்கும் ஓடவில்லை. எல்லா ஊருக்கும் போகிற நேரம் மனப்பாடமாகத் தெரிந்தும் ஓடவில்லை.

"மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று புரிந்தது.

"போட்டாச்சு, போட்டாச்சு. நீ அவன்கிட்ட சொல்லிடு. நான் குண்டூசிகிட்ட சொல்றேன். சாயங்காலத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்."

அவள் ரிசீவரை மேஜைமேல் வைத்தாள். அதற்குள்ளிருந்து கணவர் பேசிக்கொண்டே இருந்தார், டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு போல.

ஐந்தரை மணிக்கு மேனேஜர் ஷட்டரைத் தட்டினார். மகன் அசையவில்லை. அவரே குனிந்து தூக்கினார். வெளிச்சம் உள்ளே கொட்டியது. கிழிந்த தாள்கள், ரத்தம், டிராயர் இடுக்கில் இன்னும் மாட்டியிருந்த கை. மேனேஜர் குடையைக் கீழே போட்டார். "ஐயையோ, அம்மா… அம்மா…" என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றார். பிறகு யாரும் எதிர்பாராத விதமாக மகனைப் பார்த்து, "நீ மனுஷனாடா?" என்றார். சொல்லிவிட்டுத் தானே பயந்து ஒரு அடி பின்னால் போனார்.

தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். அப்போதுதான் மகனுக்கு முகம் மாறியது. பிள்ளையாக மாறினான். "ஷட்டர் விழுந்துடுச்சு. எங்கம்மா கையில ஷட்டர் விழுந்துடுச்சு. வழி விடுங்க" என்று அவளை அணைத்துத் தூக்கினான். அழுதான். பொய்யழுகை இல்லை, அது அவளுக்குத் தெரியும். அவன் அப்பாவும் அப்புறம் இப்படித்தான் நிஜமாகவே அழுவார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நர்ஸ் கையைத் துணியால் சுற்றிவிட்டுப் போனாள், டாக்டர் வரும் வரை அசைக்கக் கூடாது என்றாள். எதிர்ச்சுவரில் வட்டக் கடிகாரம். கண்ணாடி இல்லாவிட்டாலும் முட்கள் தெரிந்தன. ஆறு இருபத்தைந்து. விமானம் இறங்க ஆரம்பித்திருக்கும். இன்னும் நானூற்று நாற்பது கிலோமீட்டர். காது அடைக்கிற நேரம். எச்சில் விழுங்கு பெண்ணே, கொட்டாவி முடியாவிட்டால் எச்சிலை விழுங்கு.

மகன் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தான். தலையை அவள் முழங்காலில் சாய்த்தான். இருபது வருஷமாக அப்படிச் சாய்ந்ததில்லை.

"அம்மா."

அவள் குனிந்து பார்த்தாள். சுழி இரண்டு உள்ள தலை. குழந்தையில் அந்தச் சுழிகளை விரலால் சுற்றிக்கொண்டே தூங்க வைப்பாள். அந்த விரல்கள் இப்போது துணிக்குள் வீங்கிக் கிடந்தன.

"என்னை மன்னிச்சுடும்மா. எனக்கு என்னமோ ஆயிடுது. அவ இல்லாம என்னால இருக்க முடியாது. சத்தியமா அவளை ஒண்ணும் பண்ண மாட்டேன். குண்டூசி தொடக்கூட மாட்டான், நான் சொல்லிடறேன். அவ குரலை ஒரு தடவை கேட்கணும், அவ்வளவுதான். அவன் லோடு இறக்கிட்டு ஏர்போர்ட்டுப் பக்கத்துலயே போன் பூத்துல நிக்கறான். இங்க நர்ஸ்கிட்ட போன் இருக்கு. அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எத்தனை மணிம்மா? உனக்குத் தெரியும்ல? உனக்குத்தானே இதெல்லாம் தெரியும்."

உனக்குத்தானே இதெல்லாம் தெரியும். இத்தனை வருஷத்தில் அவள் வேலையைப் பற்றி அவன் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. அடித்தபோது பூட்டியே கிடந்த வாய் இப்போது பூட்டுக் கழன்று நின்றது. உள்ளுக்குள் ஏதோ ஒன்று உருகி அவன் தலைமேல் வழிந்துவிடப் பார்த்தது. டிராயரைவிட இது பெரிய வலி. அவன் கண்ணீர் புடவையை நனைத்து முழங்காலில் சுட்டது. சொல்லிவிட்டால் இந்தத் தலை இங்கேயே இருக்கும். சொல்லாவிட்டால் இது எழுந்து போய்விடும், இனி எந்த நாளும் இந்த மடிக்கு வராது.

ஏழாயிரத்து முந்நூற்று எண்பது கிலோமீட்டர். அந்தப் பெண்ணுக்கும் இவனுக்கும் நடுவில் அவ்வளவு தூரம் போட்டாயிற்று. தனக்கும் இவனுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அதையும் இன்றைக்குப் போட்டாக வேண்டும் போலிருக்கிறது.

இடது கையால் அவன் தலையை மெல்ல நிமிர்த்தி, முழங்காலிலிருந்து நகர்த்தினாள்.

"தெரியும்" என்றாள். "சொல்ல மாட்டேன்."

அவன் அண்ணாந்து பார்த்தான். கோபம் வருவதற்கு முன்னால் ஒரு கணம் அவன் முகத்தில் இருந்தது வெறும் ஆச்சரியம். மருமகளுடைய கண்ணில் பார்த்த அதே ஆச்சரியம்.

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் பெரிய பதிவேட்டோடு வந்தாள். கூட்டம் நிறைந்த வராந்தா. மகன் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றுகொண்டான்.

"பேரு, வயசு எல்லாம் எழுதியாச்சு. எப்படி ஆச்சுன்னு போடணும். உங்க பையன் ஷட்டர் விழுந்துடுச்சுன்னாரு." பேனாவைக் காகிதத்தில் ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். "அப்படியே போட்டுடட்டுமாம்மா?"

கடிகாரத்தில் ஆறு முப்பத்தொன்று.

"போடாதீங்கம்மா" என்றாள் டிக்கெட்டம்மா.